மோட்டாருக்கு மாற்றுக் கார்புரேட்டர்

பழைய அம்பாசடர் மோட்டாருக்கு மாற்றுக் கார்புரேட்டர் தேடுவோர், பெரியதே சிறந்தது என எண்ணுதல் பிழையாகும். அதன் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின், நிமிடத்திற்கு 4000 சுற்றில் ஏறக்குறைய 3000 லிட்டர் காற்றையே உட்கொள்ள இயலும். கார்புரேட்டரின் கழுத்து மிக அகன்றிருப்பின், எஞ்சின் மெதுவாக ஓடுங்கால் காற்றின் வேகம் குன்றும்; பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறாது. ஆதலின் முன்பிருந்த கழுத்தளவையே கொள்க.

பொருத்தியபின், இணைப்பில் காற்றுக் கசிவின்மையை உறுதி செய்க. எஞ்சின் நன்கு சூடேறியபின், கலவைத் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, சுற்று மிகுந்து சீராகும் நிலையில் நிறுத்துக. பின்னர் வேகத் திருகாணியால் சுற்றைக் குறைக்க. மூடிய கொட்டகையில் இதனைச் செய்யலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் கொல்லும்.

சிறிது தூரம் ஓட்டி, ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக. கரி படிந்திருப்பின் முதன்மை ஜெட் பெரிது. வெளுத்திருப்பின் சிறிது, வால்வுகள் எரிந்து கெடும். இளம்பழுப்பு நிறமே சரியான கலவையின் அடையாளம்.