மூக்கு முகரும், மூளை கற்கும்

கண்களை மூடிக்கொண்டு முகர்ந்தாலும், "இது மல்லிகை, இது முல்லை" என்று நம் பாட்டிமார் சொல்லிவிடுகிறார்கள். நமக்கோ இரண்டும் ஒன்றுபோலவே மணக்கின்றன. அவர்களுடைய மூக்கு நம்முடையதைவிடக் கூர்மையானதா? அன்று. வயது ஏற ஏற நுகரும் ஆற்றல் குறையவே செய்யும். அப்படியானால் அத்திறமை எங்கே உள்ளது? மூளையில்தான்!

நாம் மூச்சை இழுக்கும்போது மணத் துகள்கள் மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்பணுக்களைத் தொடுகின்றன. அங்கே ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இவ்வகை ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக் அம்மையாரும் ரிச்சர்டு ஆக்செலும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். காட்சியும் ஒலியும் தலாமஸ் என்னும் வாயிலைக் கடந்தே மூளையின் புறணியை அடைகின்றன. மணமோ அவ்வாயிலில் நிற்காமல் நுகர்ச்சிப் புறணிக்குச் செல்கிறது. நினைவையும் உணர்ச்சியையும் சார்ந்த பகுதிகளுடன் அப்புறணி நெருங்கிய தொடர்புடையது. சாம்பிராணி மணம் வந்ததும் ஆலயமும் திருப்பலியும் நம் நினைவுக்கு வருவது இதனால்தான்.

இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்திற்குச் சினாப்ஸ் என்று பெயர். சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்று 1949-இல் டொனால்டு ஹெப் எடுத்துரைத்தார். நடக்க நடக்கப் புல்லிடையே ஒற்றையடிப் பாதை விழுவதைப் போன்றது இது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேறுபாடே தெரியாத இரண்டு மணங்களைச் சிலருக்குக் கொடுத்தனர். ஒன்றை முகரும்போது மட்டும் மெல்லிய மின்னதிர்ச்சி தந்தனர். பிறகு அவர்கள் இரண்டையும் பிரித்தறிந்தார்கள்! நுகர்ச்சிப் புறணியிலும் அவ்விரு மணங்களின் பதிவுகள் முன்னைவிட வேறுபட்டிருந்தன.

2020-இல் பரவிய கொரோனாவால் பலர் மணம் அறியாமல் தவித்தனர். அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியவில்லை, குழம்பும் ருசிக்கவில்லை. இத்தகையோருக்கு ஒரு பயிற்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் டாக்டர் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் அதன் பயனை வெளியிட்டனர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றைக் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகர வேண்டும். எல்லாருக்கும் குணமாகிவிடவில்லை. ஆயினும் பயிலாதவரைவிடப் பயின்றவர்கள் முன்னேறினர்.

தோழியரே, "எனக்கு வராது" என்று எத்தனை பாடங்களை ஒதுக்கியிருக்கிறோம்! இறைவன் தந்த மூளை கல் அன்று. பயிலப் பயில மாறுவது. இன்று மாலையே மல்லிகையையும் முல்லையையும் கண்மூடி முகர்ந்து பார்ப்போம். முதல் நாள் தவறினால் என்ன? மறுநாளும் முகர்வோம்.