மூன்று நாளில் பாங்காக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக், 50 மாவட்டங்களாகப் பிரிந்து ஏறத்தாழ 1,570 சதுர கிலோமீட்டரில் விரிந்து கிடக்கிறது. 1782-இல் முதலாம் ராமா மன்னர் தலைநகரை அமைத்த பழைய நகரம் சாவ் ப்ரயா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கடைவீதிகளும் பெரிய ஓட்டல்களும் நிறைந்த புதிய நகரம் அதற்கும் கிழக்கே வளர்ந்தது. முதல்முறை செல்பவர்களுக்கு அங்கே பெரும்பாலும் மூன்று நான்கு நாள்களே கிடைக்கின்றன. அந்த நாள்களைக் கரைத்துவிடும் சில நம்பிக்கைகளைப் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்தால் போதும்.

உண்மை: 2025 மே 1 முதல், தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இதை முடிக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல. விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், முன்பு போய்வந்தவர் சொல்வதை நம்பாமல் தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே பாதுகாப்பு. மின்சிகரெட்டை அந்நாட்டுக்குள் கொண்டுபோவது சட்டப்படி குற்றம்.

நம்பிக்கை: மழைக்காலத்தில் போவது வீண்.

உண்மை: மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம், அதில் செப்டம்பரில் மழை மிக அதிகம். ஆனாலும் நாள் முழுக்க விடாமல் தூறுவது அரிது. பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். கோயில்களைக் காலையிலும், அருங்காட்சியகம், கடைவளாகம் போன்றவற்றைப் பிற்பகலிலும் வைத்துக்கொண்டால் மழை பெரிய தடையாக இராது. முதியவர்களையும் குழந்தைகளையும் உண்மையில் வாட்டுவது மார்ச் முதல் மே வரையிலான வெயில்தான். ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் சோங்க்ரான் புத்தாண்டில் தெருவெங்கும் தண்ணீர் வீசி விளையாடுவார்கள். அதைப் பார்க்கவே போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். மற்றவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று இதமாக இருக்கும், அறை வாடகை கூடுதலாக இருக்கும்.

நம்பிக்கை: எந்த விமானத்தில் போனாலும் ஒரே இடத்தில்தான் இறங்க வேண்டும்.

உண்மை: பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள் உண்டு. 2006-இல் திறக்கப்பட்ட சுவர்ணபூமி கிழக்கே இருக்கிறது. பழைய டான் முவாங் வடக்கே இருக்கிறது. குறைந்த கட்டண விமானங்கள் பல டான் முவாங்கில்தான் இறங்குகின்றன. சென்னையிலிருந்து செல்லும் விமானங்களும் நிறுவனத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்றில் இறங்கும். வந்த நிலையமும் திரும்பும் நிலையமும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதால் டிக்கெட்டில் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவர்ணபூமியிலிருந்து பயா தாய் நிலையம் வரை விமான நிலைய ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். முழுத் தொலைவுக்கும் கட்டணம் 45 பாட். டான் முவாங்குக்கு 2021 முதல் சிவப்புத் தடப் புறநகர் ரயில் ஓடுகிறது. நள்ளிரவுக்குப் பின் இறங்குபவர்களுக்கு ரயில் கிடைக்காது, டாக்ஸிதான் வழி.

நம்பிக்கை: வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்றால் டாக்ஸியில் பத்து நிமிடம்.

உண்மை: பாங்காக்கில் தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் திட்டம் குலைந்துவிடும். அங்கே சாலைகள் குறைவு. பெருஞ்சாலைகளிலிருந்து பிரியும் ‘சோய்’ எனப்படும் சந்துகள் பல மறுமுனையில் எங்கும் சேராமல் முடிந்துவிடுகின்றன. ஆகவே வண்டிகள் எல்லாம் அதே பெருஞ்சாலைகளில் வந்து குவிகின்றன. மாலையில் ஐந்து கிலோமீட்டர் கடக்க ஒரு மணி நேரம் ஆவதும் உண்டு.

இதைத் தவிர்க்கும் வழிகள் மூன்று. முதலாவது, 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ‘ஸ்கைட்ரெயின்’ என்னும் மேம்பால ரயில். இரண்டாவது, 2004-இல் தொடங்கிய மெட்ரோ. 2019-இல் மெட்ரோ நீட்டிக்கப்பட்டதால், ரயிலே எட்டாதிருந்த பழைய நகரத்துக்குச் சனாம் சாய் நிலையமும் சீனர் பகுதிக்கு வாட் மங்கோன் நிலையமும் கிடைத்தன. மூன்றாவது, ஆற்றுப் படகு. சபான் தக்சின் ஸ்கைட்ரெயின் நிலையத்தின் கீழேயே சாதோன் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினால் பழைய நகரத்திலுள்ள அரச அரண்மனை, ஆற்றோரக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் சிறு கட்டணத்தில், சாலை நெரிசலில் சிக்காமல் போய்விடலாம்.

நம்பிக்கை: அரண்மனைக்குப் பக்கத்தில் தங்குவதே வசதி; இல்லையென்றால் வாடகை குறைந்த புறநகர்.

உண்மை: அறை எங்கே என்பதைவிட, அறையிலிருந்து நிலையத்துக்கு நடக்கும் தூரமே முக்கியம். பழைய நகரத்தில் மலிவு விடுதிகள் நிறைந்த காவ்சான் சாலைக்கு அருகில் எந்த ரயில் நிலையமும் இல்லை. புறநகரில் வாடகையில் மிச்சமாகும் பணம் டாக்ஸிக்குப் போய்விடும்; நேரமும் போகும். குடும்பத்தோடு செல்பவர்கள் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் அறை எடுத்தால் ஒவ்வொரு நாளும் ஓரிரு மணி நேரம் மிச்சமாகும்.

நம்பிக்கை: துக்-துக் டாக்ஸியைவிட மலிவு.

உண்மை: துக்-துக் வண்டியில் மீட்டர் கிடையாது. பயணியைப் பார்த்து விலை சொல்லப்படுவதால், வெளிநாட்டவருக்கு அது பெரும்பாலும் டாக்ஸியைவிட அதிகமாகவே முடிகிறது. சாதாரண டாக்ஸியின் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். குளிர்சாதன வசதியும் உண்டு. ஏறியதும் மீட்டர் போடச் சொல்ல வேண்டும். மறுத்தால் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். செயலி வழி அழைக்கும் வண்டிகளில் கட்டணம் முன்பே தெரிந்துவிடும். அனுபவத்துக்காக ஒருமுறை துக்-துக்கில் போக விரும்புபவர்கள் ஏறும் முன் விலை பேசிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: “இன்று அரண்மனை மூடியிருக்கிறது” என்று வாசலில் சொன்னால் நம்ப வேண்டும்.

உண்மை: பாங்காக்கில் மிகப் பழைய ஏமாற்று இதுதான். நன்றாக உடுத்திய ஒருவர் அரண்மனைக்கு அருகில் வந்து, இன்று பௌத்தத் திருநாள், பிற்பகலில்தான் திறப்பார்கள் என்று அன்போடு சொல்வார். அதுவரை வேறு கோயில்களைப் பார்க்க மிகக் குறைந்த விலையில் ஒரு துக்-துக்கும் ஏற்பாடு செய்து தருவார். அந்த வண்டி கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். அங்கே வாங்கும் ஒவ்வொன்றிலும் ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு. ஊருக்குத் திரும்பினால் பல மடங்கு லாபத்துக்கு விற்கலாம் என்று காட்டப்படும் கற்கள், கொடுத்த விலைக்குக்கூடப் போகாதவை.

அரண்மனை அநேகமாக எல்லா நாளும் காலை 8.30-க்குத் திறந்து, பிற்பகல் 3.30 வரை நுழைவுச்சீட்டு தருகிறது. அரச நிகழ்ச்சிகளுக்காக மூடும் நாள்களை அதன் இணையதளம் முன்கூட்டியே அறிவிக்கும். யார் என்ன சொன்னாலும் நுழைவாயில் வரை நடந்து போய்ப் பார்ப்பதே சரி. ஏமாந்தவர்கள் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நம்பிக்கை: சுற்றுலாப் பயணிதானே, எந்த உடையிலும் போகலாம்.

உண்மை: அரண்மனை வளாகத்தில்தான் மரகத புத்தர் கோயில் இருக்கிறது. தோளும் முழங்காலும் மறையாதவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. எந்தக் கோயிலிலும் சன்னிதிக்குள் செருப்பு கூடாது. புத்தரை நோக்கிக் காலை நீட்டி உட்காரவும் கூடாது. உடையைப் போலவே பேச்சிலும் கவனம் வேண்டும்: அரச குடும்பத்தை இழிவுபடுத்தும் பேச்சுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும்.

நம்பிக்கை: சைவர்களுக்கு அங்கே சாப்பாடே கிடைக்காது.

உண்மை: கிடைக்கும், ஆனால் கவனம் தேவை. காய்கறி மட்டும் தெரியும் உணவிலும் மீன் சாறு ஊற்றியிருக்கலாம். கறிவிழுதில் இறால் அரைத்துச் சேர்த்திருக்கலாம். பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால் வழக்கமாகவே உண்டு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இவை நிற்காது. ‘ஜே’ என்று கேட்க வேண்டும். சீன பௌத்த மரபில் வந்த இந்த உணவில் மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது. கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பாக, 17 என்ற எண்ணைப் போலத் தோன்றும் தாய் எழுத்து இதற்கு அடையாளம். சாம் யோட் மெட்ரோவுக்கு அருகிலுள்ள பஹுராட் பகுதியில் இந்தியச் சைவ உணவகங்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் உள்ள சீலோம் பக்கத்திலும் இந்திய உணவு கிடைக்கும்.

நம்பிக்கை: மூன்று நாளில் மிதக்கும் சந்தை, அயுத்தயா, கடற்கரை எல்லாம் முடித்துவிடலாம்.

உண்மை: படங்களில் காணும் தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை பாங்காக்கிலேயே இல்லை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது. நகருக்குள் அதைப்போலப் பார்க்க விரும்பினால், வார இறுதியில் கூடும் தாலிங் சான் சந்தை போதும்.

திசைக்கு ஒரு நாள் என்று பிரிப்பதே நிதானமான திட்டம். முதல் நாள் ஆற்றோரம்: காலை 8.30-க்கு அரண்மனை, அங்கிருந்து நடந்து 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இருக்கும் வாட் போ, பின்பு தா தியன் துறையில் படகேறி எதிர்க்கரையில் பீங்கான் துண்டுகள் பதித்த வாட் அருண். இரண்டாம் நாள் ஸ்கைட்ரெயின் வழியே: ஜிம் தாம்ப்சன் இல்ல அருங்காட்சியகம், கடைவீதி, லும்பினி பூங்கா. மூன்றாம் நாள் சனி அல்லது ஞாயிறாக இருந்தால் சத்துச்சக் சந்தை. வார நாளாக இருந்தால், 1351 முதல் 1767 வரை தலைநகராக விளங்கிய அயுத்தயா. ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். அன்று மாலையே ஊர் திரும்பும் விமானம் இருந்தால் அயுத்தயாவை முந்தைய நாளுக்கு மாற்றிவிட்டு, கடைசி நாளை நகருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.