பிறர் கையிலுள்ள இணையப் பெயரை வாங்குதல்

காணி வாங்கும் முறைமை யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. உறுதியைப் படிப்பர், காணிப் பதிவகத்திலே தேடுவர், ஈடு, ஒற்றி உண்டோவென வினவுவர். விற்குமுன் பங்காளிக்கு அறிவித்தல் வேண்டுமென்பது தேசவழமை. அதன்பொருட்டு 1947 இல் தனிச்சட்டமும் எழுந்தது. இத்துணை விழிப்புடைய நாம், இணையத்திலே ஒரு பெயரை வாங்குங்கால் மட்டும் கண்மூடி இருத்தல் தகுமா? அம்முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

டொமைன் என வழங்கும் ஆள்களப் பெயராவது, இணையத்தில் ஒருவரது இருப்பிடத்தைக் காட்டும் பெயராம். முந்திப் பதிந்தவர்க்கே அது கிட்டும். டொட் எல்.கே. என முடியும் இலங்கைப் பெயர்கள் 1990 முதல் பதியப்பட்டு வருகின்றன. 2010 இல் டொட் இலங்கை என்னும் ஈறு தமிழெழுத்திலேயே கிடைத்தது. நாம் விரும்பிய பெயர் பிறர் கையில் இருப்பின், பெரும்பாலும் அவரிடம் விலை பேசுதலே வழி.

ஆயினும், காணிக்கும் பெயருக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. காணி முதுசமாய் வழிவழி வரும். பெயரோ குத்தகை போன்றது. டொட் கொம் பெயரை ஒருங்கே பத்தாண்டுக்கு மேற் பதிதல் இயலாது. தவணை தப்பிப் பதிவு நீக்கப்படின், மீட்டற்கு 30 நாள் உண்டு; அதன்மேல் 5 நாள் கழிந்தால் எவரும் அதனைப் பதியலாம். எமக்குத் தெரிந்த சங்கமொன்றின் பெயரை இளைஞர் ஒருவர் தம் பெயரிலேயே பதிந்திருந்தார். அவர் கடல்கடந்து சென்றார். தவணைப் பணம் கட்டுவாரில்லை. சங்கத்தின் பெயர் அந்நியர் ஒருவர் கைப்பட்டது. பல்லாண்டு தமதாயிருந்ததையே சங்கத்தார் விலைகொடுத்து மீட்க நேர்ந்தது.

வாங்குவோர் கருதவேண்டியன நான்கு.

முதலாவது, உரியவரை அறிதல். பதிவேட்டிலே தேடினால் பதிந்த நாள், முடியும் நாள், பதிவு நிறுவனம் ஆகியன தெரியவரும். 2018 இன் பின்னர் ஆளின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றது. அங்ஙனமாயின் பதிவு நிறுவனத்தின் வாயிலாகச் செய்தி அனுப்பலாம்.

இரண்டாவது, வில்லங்கம் ஆராய்தல். பிறரது வணிகக்குறியோடு ஒத்த பெயரை விலைகொடுத்துப் பெற்றாலும் அது நிலையாது. சிஃபி என்னும் பெயரால் அறியப்பட்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், சிஃபிநெட் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கிலே, ஆள்களப் பெயரும் வணிகக்குறி போலக் காக்கப்படுவதற்குரியது என இந்திய உச்ச நீதிமன்றம் 2004 இல் தீர்ப்பளித்தது. மறுதலையாக, நமது குறியைப் பிறரொருவர் நம்மிடமே பெருவிலைக்கு விற்கும் தீய நோக்குடன் பதிந்திருப்பின், விலை கொடாமலே மீட்டற்கும் வழியுண்டு. டொட் கொம் முதலிய பெயர்களுக்கு அதற்கான பிணக்குத் தீர்வு விதிகள் 1999 இல் வகுக்கப்பட்டன.

மூன்றாவது, விலை பேசுதல். இதற்குச் சந்தை விலையென ஒன்றில்லை. வாங்குவோரின் தேவையே விலையாகின்றது. டெஸ்லா என்னும் மகிழுந்து நிறுவனம் தன் பெயரிலமைந்த டொட் கொம் முகவரியை 2016 இலேயே பெற்றது. அதற்குப் பத்தாண்டின் மேலும் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலரும் செலவாயின என அதன் தலைவர் எலான் மஸ்க் 2018 இற் கூறினார். ஆதலின், கொடுக்கக்கூடிய மேலெல்லையை முன்னரே வரையறுத்தலும், மாற்றுப் பெயரொன்றைக் கருத்திற் கொள்ளுதலும் அறிவுடைமை.

நான்காவது, கைமாற்றுதல். பணத்தை விற்போர் கையில் நேரே கொடுத்தல் ஆகாது. இருதிறத்தார்க்கும் பொதுவான நடுவரிடம் பணத்தை ஒப்படைத்தல் வேண்டும். விற்போர் பெயரின் பூட்டை நீக்கி, மாற்றக் குறியீட்டை வழங்குவார். பெயர் நமது கணக்கில் வந்து சேர்ந்ததை நாம் உறுதிசெய்த பின்னரே நடுவர் பணத்தை விடுவிப்பார். இதற்கெனவே நடத்தப்படும் நிறுவனங்கள் உள. நடுவர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரையும் விற்போர் சொற்கொண்டு நம்பாது, நாமே தேர்ந்துகொள்க.

நிற்க. வாங்கிய பெயரைக் காத்தல் வாங்குதலினும் முதன்மையானது. தனியாள் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரிலேயே பதிக. முடியும் நாளைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுக. செயலாளர் மாறுந்தோறும் கணக்கேட்டோடு இப்பெயரின் திறவுகோலும் புதியவர் கைக்கு மாறுக. முன்னோர் தேடித் தந்த நற்பெயர் ஒரு சிறு தவணைப் பணம் கட்டாமையால் இழக்கப்படலாகாது.