காணித் துண்டு வாங்குமுன்



நாம் 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று காணி பேசுகிறோம். யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணையில் பரப்புக் கணக்கு. 1 பரப்பு என்றால் 10 பேர்ச்சஸ். 16 பரப்பு 1 ஏக்கர். கணக்கு வேறானாலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்.

காணியை வீட்டுத் துண்டுகளாகப் பிரிப்பவர், நில அளவையாளர் கீறிய படத்தோடு பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும். சரவணைக்கு அது வேலணைப் பிரதேச சபை. துண்டின் அளவு, பாதையின் அகலம், தண்ணீர் ஓடும் வழி எல்லாம் பார்ப்பார்கள். 1986ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி விதிகள் வைத்த குறைந்த அளவு 150 சதுர மீட்டர். ஏறக்குறைய 6 பேர்ச்சஸ். இன்றைய அளவைச் சபையிலேயே கேட்டுக்கொள்வோம்.

"உறுதி கையில் இருக்கிறதே, போதாதா?" என்பீர்கள். போதாது. அனுமதியில்லாத துண்டில் வீட்டுப் பிளான் தட்டுப்பட்டால், சேமலாப நிதிக் காசு முழுக்க முடங்கிப் போகும்.

வடக்கில் தேசவழமையும் உண்டு. பங்குக் காணி விலைப்பட்டால், முதலில் வாங்கும் உரிமை மற்றப் பங்காளிகளுக்கு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது.

ஆகவே, முற்பணம் கொடுக்குமுன் மூன்றையும் கேட்போம்: உறுதி எங்கே? அளவைப் படம் எங்கே? சபை அனுமதி எங்கே?