பொங்கல் மலைநடைக்கு மார்கழியிலேயே ஷூவைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை விடைபெறும் நேரம். காடு பச்சை கட்டி நிற்கிறது, ஓடைகளில் தண்ணீர் இருக்கிறது, வெயிலுக்கு இன்னும் கோபம் வரவில்லை. தமிழ்நாட்டு மலைத்தடங்களில் நடக்க இன்று முதல் பிப்ரவரி பாதி வரை உள்ள நாட்களை விட நல்ல பருவம் கிடையாது. அதற்குப் பிறகு காட்டுத்தீக் காலம் வந்துவிடும். 2018 மார்ச் 11இல் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் வனத்துறை தடங்களை மூடிவிடுவது நியாயம்தான். ஆக, கையில் இருப்பது இரண்டு மாதம். பொங்கல் விடுமுறைக்கு இடம் பிடித்து, பஸ் டிக்கெட்டும் எடுத்து வைத்திருப்பவர்கள் பலர், ஷூ வாங்குவதை மட்டும் கிளம்புகிற வாரத்துக்குத் தள்ளிப் போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். புது ஷூ காலுக்குப் பழகுவதற்கு மூன்று வாரமாவது வேண்டும். இந்த வாரம் வாங்கினால் தை பிறக்கும்போது உங்கள் காலும் ஷூவும் ஒத்துப்போயிருக்கும்.

பரணில் இருப்பதை இறக்குங்கள்

ஏற்கெனவே மலையேற்ற ஷூ வைத்திருப்பவர்கள் அதை இன்றே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேல்பாகம் புதிதுபோல் பளபளத்தாலும் நம்ப வேண்டாம். கனமான ஷூக்கள் பலவற்றில் பாதத்துக்கும் அடிரப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் மெத்தை ஒன்று இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப்பிணைப்புகளை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். போடாமல் பத்திரமாக வைத்திருந்தால் கெடாது என்று நினைக்கிறோம். இந்த மெத்தைக்கு அது பொருந்தாது. காற்றோட்டமில்லாத அட்டைப்பெட்டியில் நான்கைந்து வருடம் கிடந்த ஷூ, மலையில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்து, சோல் தனியே வாயைப் பிளந்துகொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

சோதிப்பது எளிது. ஷூவின் பக்கவாட்டில், ரப்பருக்குச் சற்று மேலே கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பிறகு முன்பாகத்தை நன்றாக வளையுங்கள். நகம் பதிந்த இடம் மீளாமல் நின்றாலோ, விரிசல் தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, பொடி உதிர்ந்தாலோ அந்த ஷூவின் ஆயுள் முடிந்தது. எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது. மெத்தை உறுதியாக இருந்து, ரப்பரின் ஓரம் மட்டும் பசை விட்டிருந்தால் கவலை வேண்டாம். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டி, சுற்றிலும் தையலும் போடச் சொல்லுங்கள். அந்தத் தையல் பல மழைக்காலத்துக்கு வரும்.

அடுத்து அடிப்பாகம். சோலின் பற்கள் குதிகாலிலும் முன்பாதத்திலும் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால், அதை ஊருக்குள் நடக்க வைத்துக்கொண்டு மலைக்கு வேறு வாங்குங்கள்.

எங்கே போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இதற்குப் பதில் வேண்டும். ‘மலையேற்ற ஷூ’ என்று கேட்டால் கடைக்காரர் கணுக்கால் மூடிய கனத்த பூட்ஸைத்தான் எடுத்து வைப்பார். நம் தடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை.

வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. திருவள்ளூர் குடியம் குகைகள், கோத்தகிரி லாங்வுட் சோலை போன்ற எளிய தடங்களுக்கு, சோல் தேயாத ஓட்டப்பந்தய ஷூ போதும். புதிதாக ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். குரங்கணி பக்கமோ பர்வதமலையோ போகிறீர்கள் என்றால் பிடிப்புள்ள, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ‘ட்ரெயில்’ ஷூ வாங்குங்கள். நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்லில் நடந்தால் அரை மணியில் சாக்ஸ் வரை நனைந்துவிடும். அங்கே மாற்று சாக்ஸ் இல்லாமல் போகக் கூடாது.

உயரமான பூட்ஸ் யாருக்கு? முதுகில் பத்துக் கிலோவுக்கு மேல் சுமந்து பல நாள் நடப்பவர்களுக்கு, இமயத்தில் பனியில் கால் வைப்பவர்களுக்கு, முன்பே கணுக்கால் சுளுக்கு கண்டு பலவீனமானவர்களுக்கு. புதரும் சருகும் மூடிய தடத்திலும் அதற்கு ஒரு நன்மை உண்டு: பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான் நேரும். மற்றவர்களுக்கு அது வீண் சுமை. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் நான்கைந்து கிலோவைச் சுமக்கும் அளவுக்கு உடலின் சக்தியைக் குடிக்கும். ஒரு நாள் நடையில் எத்தனை ஆயிரம் முறை அந்தக் காலைத் தூக்கி வைக்கிறோம்!

தண்ணீர் புகாத ஷூவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்கிப் போகிறவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பனி நாட்டில் அது வரம். நம் ஊர் ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வரும். மேல்வழியாக உள்ளே இறங்கும். தண்ணீரைத் தடுப்பதற்கென்று ஷூவின் உள்ளே வைத்திருக்கும் சவ்வு, இறங்கிய தண்ணீரை வெளியேயும் விடாது. வெப்பத்தில் வேர்வையும் சேர, நாள் முழுதும் கால் ஊறிப்போகும். ஊறிய தோல்தான் முதலில் உரியும். வலைத்துணி போட்ட ஷூவில் தண்ணீர் வரும், அதே வேகத்தில் போகும். அரை மணி நடந்தால் பாதி காய்ந்துவிடும். என் முடிவு இதுதான்: தமிழ்நாட்டுக்குள் நடக்க வலைத்துணி ஷூவே நல்லது.

பிடிப்பு

இத்தாலிய ஆல்ப்ஸில் 1935இல் மலையேறிகள் ஆறு பேர் திடீர்ப் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். பாறைக்கென்று அணிந்த மெல்லிய காலணி, குளிரிலிருந்தும் அவர்களைக் காக்கவில்லை, பனியில் பிடிப்பும் தரவில்லை. அவர்களை இழந்த மிலான் நகரத்து வழிகாட்டி விட்டாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் சேர்த்துப் பயன்படும் பல் வைத்த ரப்பர் சோலை 1937இல் உருவாக்கினார். விப்ரம் என்று இன்று கடைகளில் கேட்கும் பெயர் அங்கே பிறந்ததுதான். 1954இல் கே2 சிகரத்தை முதன்முதலாகத் தொட்டவர்கள் அணிந்திருந்ததும் அந்த சோல்தான். ஒரு ஷூவின் விலையில் பாதி அதன் அடியில் இருக்க வேண்டும் என்று நான் நம்புவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

சேற்றுக்கும் சரளைக்கும் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் நல்லவை. இந்தப் பருவத்தில் நம் தடங்களில் அதிகம் சறுக்குவது ஈரப் பாறை. அங்கே பல்லின் ஆழத்தைவிட ரப்பரின் மென்மைதான் பிடிக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் போல் இறுகியிருந்தால் வேண்டாம். வாங்கி வந்ததும் வீட்டுத் துவைகல்லில் தண்ணீர் ஊற்றி ஏறி நின்று பாருங்கள். அங்கே வழுக்குவது அருவிப் பாறையிலும் வழுக்கும். பாசி படிந்த பாறையில் எந்த ரப்பரும் நிற்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து இறங்குவதில் வெட்கம் எதற்கு?

கடையில்

மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்ததில் கால் சற்று வீங்கியிருக்கும்; மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், ஏனெனில் பலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிது. பெரிய காலுக்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டுக்கென்று ஒரு ஷூ அளவு முறை வகுப்பதற்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை ஸ்கேனர் வைத்து அளந்தது. நம் பாதம் பொதுவாக மேலைநாட்டவர் பாதத்தைவிட அகலம் என்று அந்த ஆய்வு காட்டியது. கடையில் கிடைப்பதோ அவர்கள் காலுக்கு வார்த்த அச்சு. அதனால் பக்கத்தில் இறுக்குகிறது என்று ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். அகலம் சரியாகிவிடும், நீளம் மிஞ்சிவிடும். ஏறும்போது இது தெரியாது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னால் சறுக்கி விரல்நுனி முட்டும். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களின் கட்டைவிரல் நகம் கறுத்து, மாதம் கழித்து விழுவது இதனால்தான். ஆகவே நம்பரைக் கூட்டாமல், முன்பக்கம் அகன்ற மாதிரியைக் கேளுங்கள்; சில நிறுவனங்கள் ‘வைட்’ என்று தனியாகவே செய்கின்றன.

அளவு பார்க்க: உள்ளிருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரங்களைத் தாண்டக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். பிறகு ஷூவைப் போட்டு லேஸைக் கட்டி, கடையின் சாய்தளத்தில் இறங்குங்கள். சாய்தளம் இல்லையென்றால் மாடிப்படியில். விரல் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். குதிகால் மேலெழும்பினாலும் வேண்டாம். “போகப் போக சரியாயிடும் சார்” என்று சொல்வார்கள். துணியும் தோலும் கொஞ்சம் இளகும், உண்மை. நீளம் ஒருநாளும் மாறாது.

நம்பரை மட்டும் நம்பி ஆன்லைனில் வாங்க வேண்டாம். ஒரே எண் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வோர் அளவாக இருக்கும்.

சாக்ஸ், அட்டை, உண்ணி

பருத்தி நல்லது என்று பழகியவர்கள் நாம். சாக்ஸில் மட்டும் அது எதிரி. வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலோடு உரசும். அங்கேதான் கொப்புளம் கிளம்பும். பாலியெஸ்டர், நைலான் கலந்ததோ மெரினோ கம்பளியோ வாங்குங்கள். கணுக்காலுக்கு மேலே வர வேண்டும்.

மழை இப்போதுதான் ஓய்ந்திருப்பதால் வால்பாறை, மேகமலை, கூடலூர் பக்கத்துச் சோலைகளில் அட்டை இன்னும் இருக்கும். முழங்கால் வரை வரும், நெருக்கி நெய்த அட்டை சாக்ஸை வழக்கமான சாக்ஸுக்கு மேலே மாட்டி, அதன்மேல் ஷூ போடுங்கள். அதன் வெளிப்புறத்தில் மட்டும் உப்போ மூக்குப்பொடியோ தேய்க்கலாம். கடித்த அட்டையைப் பிடுங்க வேண்டாம். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் நெம்புங்கள். தை பிறந்து புல் காயத் தொடங்கியதும் அட்டை குறைந்து உண்ணி பெருகும். அப்போது பேன்ட்டின் முனையை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடந்து, அன்றிரவே கால் இடுக்குகளைத் தடவிப் பாருங்கள்.

இனி மூன்று வாரம்

முதல் வாரம் வீட்டுக்குள்ளும் கடைத்தெருவுக்கும் போட்டு நடங்கள். இரண்டாம் வாரம் தினமும் ஒரு மணி நேரம். மூன்றாம் வாரம், மலைக்குத் தூக்கப் போகும் பையையே தண்ணீர் பாட்டிலோடு சுமந்து, படிக்கட்டு ஏறி இறங்குங்கள். பல்லாவரமோ திருப்பரங்குன்றமோ, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் குன்று போதும். எங்காவது சூடாக எரிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மலையன்று கிளம்பும் முன்பே அங்கே பிளாஸ்டர் ஒட்டிவிடலாம். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் எல்லாரும் நின்று லேஸை மறுபடி கட்டுங்கள். மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளையில் லேஸை அதே பக்கம் நுழைத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். விரல் முன்னால் ஓடாது. அந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

மூன்று வாரம் கழிந்தும் வலிக்கிறது என்றால், புதிதை வீட்டில் விட்டுவிட்டுப் பழைய ஷூவோடு எளிய தடத்துக்குப் போங்கள்.

வெறுங்காலோடு போகிறவர்களுக்கு

வெள்ளியங்கிரியில் பிப்ரவரியில் பாதை திறக்கும். அங்கே பலர் செருப்பில்லாமல் ஏழு மலையும் ஏறுவார்கள். அது வேண்டுதல், அதை மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஷூவைப் போலவே பாதத்தையும் பழக்க வேண்டும். இப்போதிருந்தே தினமும் மண்ணிலும் சரளையிலும் கொஞ்ச நேரம் வெறுங்காலில் நடங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதால் இரவிலோ விடியற்காலையிலோ ஏறி, வெயிலுக்கு முன் இறங்குங்கள். மூங்கில் தடி கட்டாயம் வேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து வெறுங்காலில் ஏற வேண்டாம். பாதத்தின் உணர்வு மங்கியிருந்தால் முள் குத்தினாலும் தெரியாது, பாறை சுட்டாலும் தெரியாது; ஊர் திரும்பி, காயம் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். இந்த மாதமே டாக்டரிடம் காலைக் காட்டி, பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், ஷூவோடு, எளிய தடத்தில் நடங்கள். ஒவ்வோர் ஓய்விலும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ வேண்டுதல் என்று பிடிவாதமாக இருந்தால், கூடப் போய், தரிசனம் வரை ஷூவோடு அழைத்துச் சென்று, சன்னிதி முன் மட்டும் கழற்றச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் ஷூவின் சேற்றை நாருக்குப் பதில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். இன்சோலையும் லேஸையும் கழற்றி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில், காற்று வரும் இடத்தில் வையுங்கள்; இரவில் ஒரு முறை தாளை மாற்றுங்கள். மொட்டைமாடி வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் பசை விட்டுப்போகும். காய்ந்ததும் பெட்டியில் பூட்டாமல் வாசல் அலமாரியிலேயே வைத்து, வாரம் ஒரு நாளாவது போட்டு நடங்கள்.