கொம்பு எந்தப் பக்கம்?

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ‘பெட்டி’ என்று எழுதச் சொன்னால் முதலில் ‘ப’வை எழுதிவிட்டு அதற்கு வலப்பக்கம் கொம்பைப் போடுவான். பள்ளியில் ஐம்பது தடவை இம்போசிஷன் கொடுத்தார்கள். நானும் ஆசிரியைதான். வீட்டில் என் பங்குக்கு இன்னும் ஐம்பது எழுதவைத்தேன். முதல் நாலைந்து வரி சரியாக இருக்கும். அதன்பிறகு கொம்பு மறுபடி வலப்பக்கம் போய்விடும். நோட்டின் மூலையில் கண்ணீர் பட்டு மை கலைந்திருக்கும்.

ஒரு ராத்திரி திட்டாமல், நோட்டைப் பார்க்காமல், அவன் எழுதும்போது வாயை மட்டும் கவனித்தேன். உதடு மூடித் திறந்தது: ‘ப்’. பிறகு ‘எ’. அந்த வரிசையில்தான் அவன் கையும் போனது. காதுக்குக் கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டிருந்தான். பேச்சில் மெய் முன்னால் வருகிறது, உயிர் பின்னால் வருகிறது. எழுத்தில் எ, ஏ, ஐ மூன்றுக்கும் குறி முன்னால் வந்து நிற்கிறது. ஒ, ஓ, ஔ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை போன்றவற்றின் தும்பிக்கை போனது, றா, னா மாறின. கொம்பு மட்டும் அதே இடத்தில் இருந்துவிட்டது. பழகிவிட்ட நமக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

அவன் பிழையில் ஓர் ஒழுங்கு இருந்தது. அதைப் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அப்போது என் வகுப்பில் 42 பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேரின் ஒழுங்கை நான் சிவப்பு மையால் சுழித்துவிட்டேனோ என்று நினைத்து அன்று தூக்கமே வரவில்லை.

பதினொரு வருடம் ஆகிறது. கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஒன்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்கள் ஐந்து பேர். கவனம் ஓரிடத்தில் நிற்காதவர்கள் இருவர். ஆட்டிசம் உள்ள பெண் ஒருத்தி. மீதமுள்ள ஒருவனுக்கு இன்னதுதான் என்று எந்த மருத்துவரும் பெயர் சொல்லவில்லை. இப்படி ஓர் இடம் தொடங்க நினைக்கிறவர்களும், பிள்ளையை அனுப்பலாமா என்று தயங்குகிறவர்களும் போன் செய்து கேட்பதுண்டு. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். ‘மந்தம்’ என்று சொல்லி ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். நாலு நாளில் எனக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிக்கிறாள், சுவரில் ஒட்டினால் விழிக்கிறாள். கண்ணாடி போட்டதும் இரண்டு மாதத்தில் தன் பழைய பள்ளிக்கே திரும்பிப் போனாள். அவளுக்கு நான் எதுவும் கற்பிக்கவில்லை. அதன்பிறகு கண் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

அடுத்தது உளவியல் மதிப்பீடு. பெற்றோர் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயம். முட்டாள், சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்ற பட்டங்களை அந்தப் பிள்ளை ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்வேன். சரியான பெயர் தெரிந்தால் அதெல்லாம் உதிரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்தது. முறையான சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கிடைப்பார், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வந்தபிறகு ஓடினால் சான்று வாங்க நேரம் போதாது. எட்டாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம்? இதில் நான் பட்டுத்தான் கற்றேன். மூன்றாவது வருடம் பதினான்கு பேரைச் சேர்த்தேன். வந்து நின்ற தாய்மார்களிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. மூன்றே மாதத்தில் நான் மறுபடி வகுப்பு டீச்சர் ஆகிவிட்டேன். “எல்லாரும் இங்க பாருங்க” என்று கத்தத் தொடங்கியிருந்தேன். யாருடைய வாயையும் என்னால் கவனிக்க முடியவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று சத்தம் தாங்காமல் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை. இப்போது எங்கள் கணக்கு, ஒரு பெரியவருக்கு ஐந்து பிள்ளைகள். பதினோராவது பிள்ளை வரவேண்டுமானால் மூன்றாவது ஆசிரியை வரவேண்டும்.

குழு சிறியதாக இருக்க வேண்டும் என்று ஏன் இத்தனை பிடிவாதம்? செல்லம் கொடுப்பதற்கோ பாடத்தைக் குறைப்பதற்கோ இல்லை. ஒரு பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க நேரம் வேண்டும். தடுக்கும் இடம் தெரிந்துவிட்டால் மீதி வேலை பெரும்பாலும் பொறுமைதான்.

கொம்பு விஷயத்துக்கே வருகிறேன். அகரவரிசைப்படி எழுத்துகளை நடத்துவதை நாங்கள் விட்டுவிட்டோம். ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் வைத்துத் தொடங்குகிறோம். படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரமே சொல் வந்துவிடும். சொல் வந்தால் பிள்ளைக்கு முதுகு நிமிரும். அடுத்து கால், அதன்பிறகு இகரக் கொக்கி. ஏனென்றால் இவை இரண்டும் ஒலிக்கிற வரிசையிலேயே வலப்பக்கம் வருகின்றன. உகரத்தைத் தள்ளிவைக்கிறோம். கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து அது வடிவம் மாறுவதால், கண்ணுக்குப் பெரிய சுமை. கொம்பு கடைசியில்தான். அதற்குத் தட்டில் ஆற்றுமணல் பரப்பி, முதலில் எழுத்துக்கு ஓர் இடம் விரலால் வட்டமிட்டு ஒதுக்கச் சொல்கிறேன். “இது ப வீடு. வாசலில் யாரு நிக்கறா?” என்று கேட்டால் கொம்பை எழுதிவிட்டு வீட்டுக்குள் போவார்கள். ஔகாரம் மட்டும் இன்றைக்கும் தொல்லைதான். அதன் வலப்பக்கக் குறியும் ‘ள’வும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் ‘வௌவால்’ என்பதை எழுத்துக்கூட்டி ‘வெ-ள-வா-ல்’ என்றுதான் படிப்பார்கள். அது பிள்ளையின் குற்றம் இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுவேன்.

மணலில் எழுதுவது நான் கண்டுபிடித்ததல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் எழுதினார்கள். மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இரண்டையும் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. நம் திண்ணையில் இருந்ததைத்தான் நானும் மாடிக்கு ஏற்றியிருக்கிறேன். வயது கலந்து உட்காரவைப்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. பன்னிரண்டு வயதில் இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்கிற பிள்ளைக்கு அதைவிடச் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அவமானம் கரைவதைக் கண்ணால் காணலாம்.

நேர அட்டவணை பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நெகிழ்வு என்றால் இஷ்டப்படி இருப்பது என்று நினைக்கிறார்கள். கவனம் சிதறும் பிள்ளைக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அடுத்து என்ன என்பது தெரியாமல் போவதுதான் பெரிய வேதனை. ஆகவே நாளின் வரிசை எங்களிடம் மாறவே மாறாது. ஒன்பதரைக்குச் செடிக்குத் தண்ணீர், பிறகு வாசிப்பு, பிறகு கணக்கு, பிறகு கைவேலை. படமாக வரைந்து கதவில் மாட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளைகளே அந்த அட்டையைத் திருப்பிவைப்பார்கள். நெகிழ்வெல்லாம் வரிசைக்கு உள்ளேதான். ஒருவன் நின்றுகொண்டு படிப்பான், ஒருத்தி எழுத்துக்குப் பதில் வாயால் விடை சொல்வாள், ஒருவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வருவான்.

கணக்கில் எனக்குப் பாடம் நடத்திய பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். வந்தபோது ஒன்பது வயது. கற்களை எண்ணச் சொன்னால் “லாபம், ரெண்டு, மூணு” என்பான். முந்தைய பள்ளியில் வகுப்பே சிரித்ததாம். அதிலிருந்து கணக்கு என்றால் வாயைத் திறக்கமாட்டான். அவன் தாத்தா நிலக்கடலை விவசாயி. களத்தில் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது நம் வழக்கம். அவன் சரியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் தாத்தாவையே வரச் சொன்னேன். படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் துணிப்பையில் கொண்டுவந்தார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. கடலையை அளந்து கொட்டி அளந்து கொட்டி அன்றைக்குப் பின்னம் நடந்தது. மூன்று ஆழாக்கோடு ஓர் உழக்கைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். உழக்கைக் கவிழ்த்து ஆழாக்கால் இரண்டு தடவை அளந்து, “அஞ்சு ஆழாக்கு. படி நெறைய இன்னும் மூணு வேணும்” என்றான். எட்டில் மூன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் எட்டில் ஐந்து. பகுதி எண்ணைச் சமமாக்குவதை நான் பலகையில் இருபது வருடம் நடத்தியிருக்கிறேன். அது உண்மையில் என்ன என்பது எனக்கே அன்றுதான் கையில் பட்டது.

நான் செய்த பெரிய தவறு சான்றிதழ் விஷயத்தில். பரீட்சைதானே பிள்ளைகளை நொறுக்கியது, அதைப்பற்றிப் பேசவே வேண்டாம் என்று முதல் சில வருடங்கள் இருந்துவிட்டேன். பதினாறு வயதில் ஒரு பையன் ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்றான். வீட்டு வயரிங் முழுக்க அவனுக்குத் தெரியும். கையில் பத்தாம் வகுப்புச் சான்று இல்லை. அவனுக்கு நான் ஒன்றரை வருடத்தை வீணாக்கிவிட்டேன். கடைசியில் 1989-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்., வழியாக எழுதினான். பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும். ஒரு மொழி கட்டாயம், மற்றதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதவேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நின்றுவிடும். தயங்கித் தயங்கி நடக்கிற பிள்ளைக்கு இந்த வசதி எத்தனை பெரியது என்று தாய்க்குத்தான் தெரியும். ஒன்று மட்டும்: பதிவதற்கு முன்பே, பிள்ளை அடுத்துப் போக விரும்பும் கல்லூரியிலோ ஐடிஐ-யிலோ நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.

சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக்கூடாது. எங்கள் வாசலில் பள்ளி என்ற பலகை கிடையாது. சிறு பிள்ளைகளின் பெயர் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கிறது. தலைமையாசிரியரோடு பேசி, வாரத்தில் எந்த நாள் இங்கே, எந்த நாள் அங்கே என்று ஒத்துக்கொண்டு செய்கிறோம். மனமுள்ள தலைமையாசிரியர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். தவிர, ஒன்பது பேர் இருக்கிற மாடியில் ஒரு பிள்ளைக்குக் கபடி அணி கிடைக்காது. அதற்கு மைதானமும் கூட்டமும் உள்ள பள்ளி வேண்டும்.

பெற்றோரிடம் முதல் நாள் ஒரு கேள்விதான் கேட்பேன்: பிள்ளைக்கு நன்றாக வருவது என்ன? பலபேர் வாயடைத்து நிற்பார்கள். விசைத்தறி ஓட்டுகிற அப்பா ஒருவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எதுக்கும் ஆவமாட்டேங்கறானுங்க டீச்சர்” என்றார். நான் பேசாமல் இருந்தேன். கிளம்பிச் செருப்பு மாட்டும்போது திரும்பி, “தறியில நூலு அந்துச்சுன்னா மட்டும் என்னைய விட அவனுக்குத்தானுங்க மொதல்ல கேக்கும்” என்றார். அத்தனை தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் இழை அறுவதைக் கேட்கிற காது. அந்தக் காதை வைத்துத்தான் அவனுக்கு ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை புதிதாக ஒருவன் வருகிறான். ஏழு வயது. போனில் அவன் அம்மா, நோட்டெல்லாம் எடுத்துவரட்டுமா என்று கேட்டார். வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டான் என்ற வருத்தமும் பேச்சோடு பேச்சாக வந்தது. நோட்டு வேண்டாம் என்றேன். கண் ஆஸ்பத்திரிச் சீட்டையும், திருகாணி ஒன்றுகூட விடாமல் அந்த ரேடியோவையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.