பவளப்பாறைக் கரையின் பூம்புதர்: அடையாளம் காணும் முறை

கரையோரத் தாவரங்களைக் காக்கும் எந்தத் திட்டத்திற்கும் முதற்படி, அவற்றைப் பிழையின்றி இனங்காண்பதாகும். தெற்கு அந்தமானிலுள்ள வண்டூர், 1983-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயிலாகும். சுமார் 281 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா, கடலடிப் பவளத்திற்குப் பெயர் பெற்றது. அதே பவளம் காலப்போக்கில் இறுகிச் சுண்ணாம்புப் பாறையாகிறது. அந்தமான் கரைகளில் இத்தகைய பாறையில் வேரூன்றும் இயற்கைப் புதர்களுள் ஒன்று பெம்பிஸ் அசிடுலா.

பொது இயல்புகள்

இது மருதோன்றிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் 1 முதல் 4 மீட்டர் உயரம் வளரும். மண் மிகக் குறைந்த பாறை வெடிப்புகளிலும், உப்பு நீர்த் திவலை படும் இடங்களிலும் தழைக்கும். வளர்ச்சி மெதுவானது, கட்டை மிகக் கடினமானது. இலையின் இலேசான புளிப்புச் சுவையே ‘அசிடுலா’ என்னும் பெயருக்குக் காரணம்.

வேறுபடுத்தும் முறை

முதலில் இலையைக் காண வேண்டும். பெம்பிஸின் இலைகள் சிறியவை, சதைப்பற்றுள்ளவை, மென்மயிர் போர்த்தவை. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்தவை. அடுத்துப் பூவைக் காண வேண்டும். அதில் சுருக்கம் விழுந்த ஆறு வெண்ணிற இதழ்கள் இருக்கும்.

சதுப்புநிலக் கரைகளில் வளரும் திப்பரத்தையும் வெண்பூ உடையதே. ஆயினும், அதன் இலைகள் மயிரற்றவை, மாறிமாறி அமைந்தவை, நுனியில் சிறு பள்ளம் கொண்டவை, பூவிதழ்கள் ஐந்து. மற்றொரு கரையோரப் புதரான சுரியானாவின் பூ மஞ்சள் நிறமுடையது. எனவே, எதிரிலை, ஆறிதழ், வெண்ணிறம் ஆகிய மூன்றும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

பாதுகாப்பின் தேவை

இப்புதரில் நீண்ட சூல்தண்டுப் பூக்கள் உடைய செடிகள், குட்டைச் சூல்தண்டுப் பூக்கள் உடைய செடிகள் என இருவகை உண்டு. இவற்றிடையே மகரந்தம் பரிமாறப்படுவதற்கு இருவகையும் அருகருகே இருத்தல் நலம். ஆகவே, ஓரிரு செடிகளை மட்டும் விட்டுவைப்பது போதிய பாதுகாப்பு ஆகாது; கூட்டம் முழுவதையும் காத்தல் வேண்டும்.

இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் போன்சாய் வளர்ப்பிற்காக இதன் முதிர்ந்த செடிகள் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கப்படுகின்றன. மெதுவாக வளரும் இனத்தில் அவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். கரையோரப் பணிகளுக்கு இடம் தேரும் அலுவலர், பயனற்ற முட்புதர் எனக் கருதி இதனை அகற்ற ஆணையிட்டாலும் விளைவு அதுவே. நிலக் கணக்கெடுப்பின்போதே இலையையும் பூவையும் ஒப்புநோக்கி இதன் பெயரைப் பதிவு செய்வது, செலவு அதிகமில்லாத பாதுகாப்பு நடவடிக்கையாகும்.